ஓடுது, ஆனா நம்பிக்கை இல்லை: பாயான் லெப்பாஸில் ஒரு ஷிப்ட் மாற்றம்

மலேசியாவின் பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு சில்லுத் தொழிற்சாலை. 2020-இன் நடுப்பகுதி. இரவு ஷிப்ட் முடித்துப் போன டெக்னீஷியன் கணினிப் படிவத்தில் விட்டுப்போன பதிவு இவ்வளவுதான்: கேப்பிலரி (கம்பி இறங்கும் பீங்கான் ஊசி) மாற்றியாயிற்று, மெஷின் ஓட விடப்பட்டது. இரண்டும் உண்மை. மதியத்துக்குள் அந்த மெஷினில் ஓடிய சரக்கு, கம்பி ஒட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கும் இழுவைச் சோதனையில் தோற்றது. லாட், அதாவது அந்தத் தொகுதிச் சரக்கு, முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டது. விசாரணையில் எழுந்த முதல் கேள்வி, "முன்னாடியே தெரியாதா?" என்பது. தெரியும். இரவு ஷிப்ட்காரருக்குச் சந்தேகம் இருந்தது, அதைச் சொல்லியும் இருந்தார். ஆனால் படிவத்தில் சொல்லவில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவாகச் சொல்லியிருந்தார்.

அந்தக் குரல் பதிவு ஏன் அங்கே போனது, ஏன் நேரத்துக்குக் காதில் விழவில்லை, பிறகு அதற்கு என்ன நேர்ந்தது என்பதுதான் இந்த ஆய்வு. தொழில்நுட்பம் வழியாக மனிதர்கள் பேசிக்கொள்வதையும் சேர்ந்து வேலை செய்வதையும் ஆராய்கிறவர்களில் பலர் அலுவலகங்களைப் பார்க்கிறார்கள். எனக்குத் தொழிற்சாலைதான் வசதி. இங்கே ஒரு தகவல் போய்ச் சேராவிட்டால் மாலைக்குள் யாராவது அதற்குக் கணக்குக் கேட்டுவிடுவார்கள்.

சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி தொழிற்சாலையின் பெயர், மெஷின் எண், ஆட்களின் பெயர் எதுவும் இங்கே இல்லை. அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் நான் சேரவும் இல்லை. அவர்களாகத் தங்கள் கைப்பேசியில் போட்டுக் காட்டியதைக் கேட்டேன், நகல் எடுக்கவில்லை. பேச்செல்லாம் பெரும்பாலும் சுங்கை நிபோங் பக்கத்து மாமாக் கடைகளில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகள்), ஷிப்ட் முடிந்த களைப்போடு நடந்தது.

இடமும் ஆட்களும்

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலட்-பேக்கார்ட், பாஷ் என்று முதலில் வந்த எட்டு நிறுவனங்களை உள்ளூரில் இன்றும் 'எட்டு சாமுராய்' என்பார்கள். நான் பார்த்த தொழிற்சாலை அந்த எட்டில் ஒன்றல்ல. ஆனால் வேலை அதே வகைதான்: வெளிநாட்டில் செய்து வரும் சிலிக்கான் தகட்டை அறுத்து, சில்லுகளாக்கி, கம்பி இணைத்து, உறை போட்டு, சோதித்து அனுப்புவது.

நம் கதை நடப்பது கம்பி இணைக்கும் லைனில். தங்கம் அல்லது செம்புக் கம்பி, தடிமன் சுமார் 25 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. கேப்பிலரி என்ற பீங்கான் ஊசியின் துளை வழியாக அது இறங்கி, சூடும் மீயொலி அதிர்வும் சேர்ந்து சில்லின் மேல் ஒட்டும். நொடிக்குப் பல கம்பிகள். ஒட்டாமல் போனால் மெஷின் தானே அலாரம் அடித்து நின்றுவிடும். ஆபரேட்டர் டெக்னீஷியனைக் கூப்பிடுவார்.

டெக்னீஷியன்களில் மலாய்க்காரர்களும் உண்டு, தமிழர்களும் உண்டு. தமிழர்களில் பலர் பினாங்குத் தீவை நிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபாலிலிருந்து பேக்டரி பஸ்ஸில் வருகிறவர்கள். காலை ஏழு, மாலை ஏழு என்று பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் லாக்கர் அறையிலும் மெஷின் பக்கத்திலும் பத்து நிமிடம் சந்திப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு எந்த விதியிலும் இடமில்லை, சம்பளமும் இல்லை. பஸ் வந்து சேரும் நேரமும் திரும்பக் கிளம்பும் நேரமும் அமைந்த விதத்தில் தானாக உண்டானது அது.

2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அனுமதி பெற்ற தொழிற்சாலைகள் குறைந்த ஆட்களோடு ஓடின. இந்தத் தொழிற்சாலையில் ஒரு ஷிப்ட் முழுவதும் வெளியேறிய பிறகே அடுத்த ஷிப்ட் உள்ளே வரலாம் என்று ஏற்பாடு செய்தார்கள், வாசல்கூட வேறு. தொற்றைத் தடுக்கச் சரியான முடிவுதான். ஆனால் அதோடு அந்தப் பத்து நிமிடமும் போயிற்று. பதிலுக்கு டெக்னீஷியன்களே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் எல்லாம் கலந்த குழு. சூப்பர்வைசரைச் சேர்க்கவில்லை. வேண்டுமென்று ஒதுக்கினீர்களா என்று கேட்டேன். "அப்படியெல்லாம் இல்ல. அவரைச் சேர்க்கணும்னு யாருக்கும் தோணல," என்றார் ஒருவர். அதுவும் ஒரு பதில்தான்.

அந்த இரவு

ஒரு மெஷினில் கம்பி ஒட்டாத அலாரம் விட்டு விட்டு வந்தது. ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடும், பிறகு நிற்கும். இளைய டெக்னீஷியன் வழக்கமான முதல் வைத்தியத்தைச் செய்தார்: கேப்பிலரியை மாற்றி, அளவுகளைத் திரும்பச் சரி செய்தார். அலாரம் நின்றது. சோதனைத் துண்டுகளும் தேறின. மெஷினை ஓட விட்டார்.

அவருக்கு முழுத் திருப்தி இல்லை. கேப்பிலரி தேய்ந்திருந்தால் தொல்லை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். இப்படி வந்து வந்து போகாது. சில்லைத் தாங்கும் உலோகச் சட்டகத்தைச் சூட்டுத் தட்டின் மேல் அழுத்திப் பிடிக்கிற கிளாம்ப் ஒரு பக்கம் தளர்ந்திருக்கலாம் என்று அவருக்குப் பட்டது. சட்டகம் கொஞ்சம் மிதந்தால் அதிர்வு கம்பிக்குப் போகாமல் சட்டகத்திலேயே வீணாகும், ஒட்டு பலவீனமாகும். சில சமயம் அலாரம் அடிக்கிற அளவுக்குக்கூட மோசமாகாது. அதுதான் ஆபத்து. கழற்றிப் பார்க்க மெஷினை இன்னும் ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும். விடிய அதிக நேரமில்லை, அடுத்த லாட் காத்திருந்தது.

பஸ்ஸில் ஏறியதும் குழுவில் பேசினார். அவர் எனக்குப் போட்டுக் காட்டியதிலிருந்து: "அண்ணே, கேப்பிலரி மாத்திட்டேன். ஓடுது, ஆனா எனக்கு நம்பிக்கை இல்ல. கிளாம்ப் வலது பக்கம் ஒரு தடவ பாத்துருங்க." நடுவில் பஸ் இரைச்சல், ஒரு கொட்டாவி.

அந்த அண்ணன், பகல் ஷிப்டின் மூத்த டெக்னீஷியன், அப்போது கைப்பேசியை லாக்கரில் பூட்டிவிட்டு உள்ளே போயிருந்தார். கேமரா உள்ள கைப்பேசியை உற்பத்திப் பகுதிக்குள் கொண்டுபோக அங்கே அனுமதி இல்லை. படிவத்தைத் திறந்து பார்த்தார், மெஷின் ஓடுகிறது என்றிருந்தது. அவருக்கு நின்று கிடந்த மெஷின்கள் வேறு இருந்தன. தேநீர் இடைவேளையில் கைப்பேசியை எடுத்தபோது குழுவில் முப்பதுக்கும் மேல் செய்திகள், பாதி தடுப்பூசி எப்போது வரும் என்கிற வதந்தி. குரல் பதிவு நடுவே கிடந்தது. அதைக் கேட்டுவிட்டு அவர் ஓடிப் போனபோது மாதிரி எடுத்துக் கம்பியை இழுத்துப் பார்க்கிற சோதனையில் லாட் ஏற்கெனவே சிக்கியிருந்தது. கிளாம்ப் தளர்ந்துதான் இருந்தது. வலது பக்கம்.

வாடிக்கையாளருக்குக் கெட்ட சரக்கு எதுவும் போகவில்லை. சோதனை அதன் வேலையைச் செய்தது. இதைப் பேரழிவு என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஷிப்ட் மாற்றத்தில் நழுவும் தகவல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகத்தில் உதாரணம் இல்லாமல் இல்லை. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், ஒரு பம்ப்போடு சேர்ந்த, பழுதுபார்க்கக் கழற்றிய வால்வு இன்னும் திரும்பப் பொருத்தப்படவில்லை என்ற செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அந்தப் பம்ப்பை ஓட விட்டார்கள். 167 பேர் இறந்தார்கள்.

மனத்தில் மூன்று, படிவத்தில் இரண்டு

'ஏன் படிவத்தில் எழுதவில்லை?' விசாரணையில் இதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பதிலாகக் கிடைத்தது பயிற்சிக் குறைவு, அலட்சியம், இளவயது. எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை.

படிவத்தில் மெஷினுக்கு இரண்டே நிலைதான்: நிற்கிறது, ஓடுகிறது. நிற்கும் நேரம் நிமிடக் கணக்கில் எண்ணப்பட்டு வாரக் கூட்டத்தில் திரையில் வரும். ஓட விட்ட மெஷின் சீக்கிரமே திரும்ப நின்றால், ஓட விட்டவர் பேரில் ஒரு குறி விழும். இப்போது அந்த இளைஞரின் இடத்திலிருந்து பாருங்கள். ஓடுகிறது, ஆனால் சந்தேகம் என்று எழுதினால் அடுத்த கேள்வி 'பிறகு ஏன் ஓட விட்டாய்?' என்பதுதான். நிறுத்தி வைத்தால் 'சோதனையில் தேறிய மெஷினை ஏன் நிறுத்தினாய்?' எப்படிப் பார்த்தாலும் உதை. மனத்தில் மூன்றாவதாக ஒரு நிலை இருந்தது. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அவர் விட்ட பதிவு அந்தப் படிவத்துக்கு மிகச் சரியான பதிவு.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. சமூகவியலாளர் ஹரால்டு கார்ஃபிங்கல் 1967-லேயே ஒரு மனநல மருத்துவமனையின் பதிவேடுகளைப் பார்த்துச் சொன்னது இதுதான்: பதிவுகள் அரைகுறையாக இருப்பதற்கு நல்ல நிர்வாகக் காரணங்கள் இருக்கும். எழுதுகிறவர்கள் பின்னால் யார் எதற்காகப் புரட்டுவார்கள் என்று யோசித்தே எழுதுகிறார்கள். 1988-இல் கணினி ஆய்வாளர் ஜோனதன் குரூடின், கூட்டுவேலைக்கான மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று ஆராய்ந்தபோது முதல் காரணமாகக் காட்டியதும் இதற்குப் பக்கத்தில் வருவது: உழைத்துத் தகவல் போடுகிறவர் ஒருவர், பலன் பெறுகிறவர் இன்னொருவர். இங்கே அது இன்னும் ஒரு படி மேலே போகிறது. போடுகிறவருக்குப் பலன் இல்லாததோடு தண்டனையும் உண்டு.

தொழிற்சாலை நியமித்த ஆலோசகர் ஒருவர் விஷயத்தை வேறு விதமாக விளக்கினார். எழுத்துப் படிவம் வறண்ட ஊடகம், குரல் வளமான ஊடகம். சிக்கலான தகவலுக்கு வளமான ஊடகம் வேண்டும் என்றார். நிர்வாகவியலாளர்கள் ரிச்சர்ட் டாஃப்ட், ராபர்ட் லெங்கல் இருவரும் 1980-களில் முன்வைத்த கோட்பாடு அது. பாடத்தில் படித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த இளைஞர் குழுவில் சொன்னதில் எழுத முடியாதது எது? 'கிளாம்ப் வலது பக்கம் பாருங்க.' நான்கு சொல். எந்த வறண்ட ஊடகத்திலும் அடங்கும். சிக்கல் ஊடகத்தில் இல்லை, அந்தப் பக்கம் இருந்து படிப்பவர் யார் என்பதில் இருக்கிறது.

உளவியலாளர்கள் ஹெர்பர்ட் கிளார்க்கும் சூசன் பிரென்னனும் 1991-இல் ஊடகங்களை வேறுபடுத்தும் எட்டுத் தன்மைகளைப் பட்டியலிட்டார்கள். அதில் ஒன்று, சொன்னதைத் திரும்பப் பார்க்க முடிவது. கடிதத்தில், மின்னஞ்சலில் அது உண்டு, நேர்ப்பேச்சில் இல்லை. பேசுகிற இருவர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள அது உதவும் வசதி. லாக்கர் அறைப் பத்து நிமிடத்தில் அந்த வசதி இல்லாததுதான் நன்மையாக இருந்திருக்கிறது. சொன்னது காற்றோடு போகும், அதனால் அரைகுறைச் சந்தேகத்தையும் சொல்லலாம். வாட்ஸ்அப் குழுவுக்கு நகர்ந்தபோது பேசுகிறவர்கள் அதே பழைய ஆட்கள், பேச்சும் அதே பேச்சு. ஒன்று மட்டும் மாறியிருந்தது: சொன்னது இப்போது தங்கியது. அது யாருக்கும் உறைக்கவில்லை, ஒரு வாரம் வரை.

குரல் வெளியே போனது

யாரோ அந்தக் குரல் பதிவைச் சூப்பர்வைசருக்கு அனுப்பிவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ள நானும் முயலவில்லை. அனுப்பியவரின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம், 'பாருங்க, பையன் சொல்லித்தான் இருக்கான்' என்று காட்ட. மேலே போனதும் அதன் பொருள் தலைகீழானது. தெரிந்தே ஓட விட்டான் என்பதற்கு அதுவே சாட்சி ஆயிற்று. எழுத்துச் செய்தியாக இருந்தால் முன்னனுப்பும்போது (ஃபார்வர்டு செய்யும்போது) எழுதியவர் பெயர் கூடப் போகாது, மறுக்கலாம். குரலை எப்படி மறுப்பது? எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

குழு கலையவில்லை. அது இன்னும் இருக்கிறது: பிறந்தநாள் வாழ்த்து, பஸ் தாமதம், கால்பந்து முடிவு. மெஷின் பேச்சு மட்டும் காணாமல் போயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் வாட்ஸ்அப் ஏழு நாளில் மறையும் செய்தி வசதியைக் கொண்டுவந்தபோது ஒருவர் அதைப் போட்டுவிட்டார். பயன் இல்லை. ஏழு நாள் வேண்டாம், முன்னனுப்ப ஒரு நிமிடம் போதும் என்று எல்லோருக்கும் அதற்குள் புரிந்துவிட்டது. சிலர் நேராக அழைத்துப் பேசத் தொடங்கினார்கள். இளையவர் பஸ்ஸிலிருந்து அண்ணனை அழைப்பார், அண்ணன் உடை மாற்றும் முன் எடுப்பார். ஒத்துப்போகிற இருவருக்கு இது ஓடும். புதிதாகச் சேர்ந்தவருக்கு அழைக்க யார் இருக்கிறார்கள்?

நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. படிவத்தில் 'குறிப்பு / ஐயம்' என்று ஒரு கட்டம் சேர்த்து, நிரப்பாமல் ஷிப்ட் முடிக்க முடியாதபடி செய்தார்கள். மாதக்கணக்கில் அதில் வந்தது ஒரே பதில்: 'இல்லை'. இந்தக் கட்டத்தை வடிவமைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் ஒரு நாள் லாக்கர் அறையில் உட்கார்ந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

செராக்ஸ்காரர்கள் செய்தது

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் செராக்ஸ் நகலெடுக்கும் மெஷின் பழுதுபார்ப்பவர்களோடு சுற்றித் திரிந்த மானிடவியலாளர் ஜூலியன் ஓர், அவர்கள் கையேட்டைவிட ஒருவருக்கொருவர் சொல்லும் கதைகளை வைத்தே மெஷினைப் புரிந்துகொள்கிறார்கள் என்று காட்டினார். காலைச் சாப்பாட்டின்போது, எந்த மெஷின் எப்படி ஏமாற்றியது என்று பேசிக்கொள்வார்கள். பிறகு 1990-களில் அந்த நிறுவனம் அவர்களுடைய குறிப்புகளைச் சேகரிக்க யுரேகா என்ற கணினி ஏற்பாட்டைக் கட்டியது. குறிப்புப் போடுகிறவருக்குப் பணம் இல்லை, பெயர் மட்டும் உண்டு. சக பழுதுபார்ப்பவர்களே சரிபார்த்து ஏற்றுக்கொண்ட குறிப்பின் கீழ் எழுதியவர் பெயர் வரும். அது நன்றாக ஓடியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவாரசியம். அங்கே பெயர் போட்டதால் எழுதினார்கள், இங்கே பெயர் தெரிந்ததால் வாயை மூடினார்கள். அங்கே படித்தவர்கள் அதே தொழில்காரர்கள். இங்கே படித்தவர் எச்சரிக்கைக் கடிதம் எழுதும் அதிகாரம் உள்ளவர். ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது: யுரேகாவில் போனது தீர்த்து முடித்த பிரச்சினை. தீர்த்ததைச் சொல்லப் பெருமை உண்டு. ஷிப்ட் மாற்றத்தில் கைமாறுவது தீராதது. தீராததைப் பெயரோடு சொல்ல, கேட்பவர் மேல் அதைவிடப் பெரிய நம்பிக்கை வேண்டும்.

ஒரு பொறியாளர் செய்த சின்ன மாற்றம்

ஷிப்ட்கள் மறுபடி சந்திக்க அனுமதி வந்த பிறகு, அந்த லைனுக்குப் புதிதாக வந்த ஒரு பொறியாளர், தானும் டெக்னீஷியனாக இருந்து மேலே வந்தவர், இரண்டு காரியம் செய்தார். முதலாவது, படிவத்தில் மூன்றாவது நிலை ஒன்றைச் சேர்த்தார்: ஓடுகிறது, அடுத்த ஷிப்ட் முதல் வேலையாகப் பார்க்க வேண்டும். காரணம் எழுத வேண்டாம்; மெஷினில் எந்தப் பாகம் என்று தொட்டுக் காட்டினால் போதும். இரண்டாவதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். அந்த நிலையில் விட்ட மெஷின் அடுத்த ஷிப்டில் நின்றால், அது விட்டவர் கணக்கிலும் சேராது, எடுத்தவர் கணக்கிலும் சேராது. வாரக் கூட்டத் திரையில் அந்தப் பட்டியல் வராது. டெக்னீஷியன்களும் அவரும் மட்டும் பார்க்கலாம்.

மேலே இதற்கு எதிர்ப்பு இருந்தது. எல்லா மெஷினையும் இந்த நிலையில் போட்டுத் தப்பித்துக்கொள்வார்களே என்றார்கள். அப்படி நடக்கவில்லை, காரணம் எளிது: அடுத்த ஷிப்ட்காரருக்கு அது கூடுதல் வேலை. வீணாகப் போட்டால் அவரே கேட்பார், 'தம்பி, என்ன இது, எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டுப் போற?' என்று. மேலிருந்து வரும் கண்காணிப்பைவிடப் பக்கத்து ஆளின் முகம் நன்றாக வேலை செய்தது. அவரும் நாளைக்குத் தன் சந்தேகத்தை இவரிடம் விட்டுப்போக வேண்டியவர் இல்லையா?

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடிதம் வாங்கிய இளைஞர் அந்த நிலையைத் தொடுவதே இல்லை. இன்னும் அழைத்துத்தான் சொல்கிறார். மலாய் டெக்னீஷியன்கள் தமிழர்களைவிட அதை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று பொறியாளர் சொன்னார். குரல் பதிவு விவகாரம் யாரைத் தொட்டது என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை. பக்கத்து லைனில் இதே திட்டத்தை அப்படியே எடுத்துப் போட்டார்கள், ஆனால் அங்கே பட்டியலை மெனேஜரும் பார்க்கலாம் என்று வைத்தார்கள். அங்கே அது காலியாகவே கிடக்கிறது.

இப்போது புதிய பேச்சு ஒன்று ஓடுகிறது. டெக்னீஷியன்கள் ஷிப்ட் முடிவில் ஒரு கருவியிடம் வாயால் சொல்லிவிட்டுப் போனால், செயற்கை நுண்ணறிவு அதைச் சுருக்கி எல்லோருக்கும் அனுப்பிவிடுமாம். தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் வரும் பேச்சை அது எப்படி வாங்கும் என்பது தொழில்நுட்பக் கேள்வி, நாளை தீரலாம். சுருக்கத்தில் 'எனக்கு நம்பிக்கை இல்ல' என்பது தங்குமா, தங்கினால் அது யார் திரையில் தோன்றும் என்பது வேறு கேள்வி. விற்க வந்தவர்களிடம் டெக்னீஷியன்கள் இதைத்தான் கேட்டார்கள். நிர்வாகம் அமைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்ததாம்.

இந்த ஆய்வில் இல்லாதவர்கள்

மெஷின் பக்கத்தில் பன்னிரண்டு மணி நேரமும் நிற்பவர்கள் ஆபரேட்டர்கள், பெரும்பாலும் பெண்கள். டெக்னீஷியனைக் கூப்பிடுவதே அவர்கள்தான். அந்த இரவு அலாரம் வருவதற்கு முன்பே மெஷின் சத்தம் மாறியிருந்ததாக ஓர் ஆபரேட்டர் சொன்னாராம். டெக்னீஷியன் வாய்வழியாக எனக்கு வந்த செய்தி. படிவத்தில் அவர்களுக்கு எழுத இடமே இல்லை, டெக்னீஷியன் குழுவிலும் இல்லை.

அவர்களுக்கென்று தனிக் குழுக்கள் உண்டு. அவை லைன்படி அமைந்தவை அல்ல, பஸ்படி அமைந்தவை: பட்டர்வொர்த் பஸ்ஸுக்கு ஒன்று, நிபோங் திபால் பஸ்ஸுக்கு ஒன்று. ஒரே பஸ்ஸில் வெவ்வேறு லைன் ஆட்கள் இருப்பதால், ஒரு மெஷினைப் பற்றிய பேச்சு டெக்னீஷியன்களுக்குத் தெரியாத வழியில் இரண்டு மூன்று லைன்களுக்குப் போய்விடுகிறது. அடுத்த கட்ட நேர்காணல்களை அங்கிருந்து தொடங்குகிறேன். அதற்குத் தொழிற்சாலையின் அனுமதி கேட்டு எழுதியாயிற்று. பஸ் குழுக்காரர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். அவர்கள் முதலில் கேட்கப் போவதும் நான் எழுதுவதை யார் படிப்பார்கள் என்பதாகத்தான் இருக்கும்.